பதினாலு பல்

அத்தியாயம் 6

உதிரி பாகக் கடைக்காரி ஃபோட்டினி அந்த ஆர்டர் சீட்டை எடுத்துக் கல்லா மேஜை மேல் வைத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது தடவை படித்தபோதுதான் அந்த எண்களில் கண் நின்றது.

"கிளட்ச் செட், ஹெவி டியூட்டி. பிளேட் பதிமூன்று அங்குலம். நடுவில் பல் பதினான்கு. பேலா கெர்தேஸ் பிக்கப்புக்கு."

"என்ன டானிகா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார் என் முதலாளி.

மெர்வின் டிரெகெல்லஸ், துப்பறிபவர். நாற்பத்து நாலு டிகிரி வெயிலிலும் டை கட்டுகிற மனிதர். ஒருவன் டீ குடித்து வைத்த கோப்பையைப் பார்த்தே அவன் பொய் சொல்கிறானா என்று சொல்லிவிடுவார். ஆனால் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கு அவர் சம்பளம் தருவதற்கு அதுதான் முதல் காரணம். நான் இந்த ஒயிட் டேங்க் ஊரிலேயே பிறந்தவள் என்பது இரண்டாவது காரணம். இந்த ஓப்பல் ரத்தினக்கல் வயல்களில் முப்பது வருஷம் குழி தோண்டிய விளாதோவின் மகள் நான். இங்கே யார் எந்தக் குழியில் இறங்குவார், யார் யாரோடு பேச மாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

பேலாவின் மகள் ஈலோனா போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை யூனிஃபார்மோடு எங்கள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. ஞாயிறு தவறாமல் போன் செய்கிறவர். கடைசியாகப் பேசியபோது, "நல்ல கல்லு கண்ணுல பட்டிருக்கு, யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாராம். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அவர் கடைசியாகப் பேசி இன்றோடு பதினோரு நாள்.

பேலாவின் தொழில் கூட்டாளி நெவில் ஹாப்குட், அவர் போன வாரம் திங்கட்கிழமை பஸ் ஏறி வேறு வயல் பார்க்கப் போய்விட்டதாகப் போலீஸ்காரரிடம் சொல்லியிருந்தான். ஊரில் இருப்பது ஒரே போலீஸ்காரர். அவர் ஏழாம் மைலில் இருக்கும் இவர்கள் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று எழுதி மூடிவிட்டார். பேலாவின் பிக்கப்பை மறுநாள் செவ்வாய்க்கிழமை நெவில் தன் ஜீப்பில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்ததை ஊரே பார்த்தது. கிளட்ச் போய்விட்டதாம். சரிசெய்து வைக்கச் சொல்லிவிட்டு பேலா போனாராம். புதன்கிழமை இந்தச் சீட்டை எழுதி ஃபோட்டினியிடம் கொடுத்தது நெவில்தான்.

"இந்த பிளேட் பேலா வண்டிக்கு ஆகாது, பாஸ்" என்றேன். "பொருந்தாதுங்கறது அப்புறம். மொதல்ல உள்ளயே போகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வண்டிக்கு கியர்பாக்ஸ் குடுத்தது எங்கப்பா. மாட்டும்போது நானும் இருந்தேன். கியர்பாக்ஸ் தண்டு நுழையற துளையில விரலை விட்டு எண்ணினதே நான்தான். இருபத்தோரு பல். பிளேட் பதினோரு அங்குலம்."

டிரெகெல்லஸ் ஃபோட்டினியைப் பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டியவள், உதிரி பாகக் கடையையும், வழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வரும் லாரியையும் தனியாளாக நடத்துகிறவள். அவள் சீட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா பேலா வண்டியில எதை எப்ப மாத்துவாருன்னு யாருக்குத் தெரியும்? இஞ்சின் ஒரு பக்கம் வாங்கினது, பாடி ஒரு பக்கம் வாங்கினது. மறுபடி ஏதோ மாத்திட்டாருன்னு நெனச்சு ஆர்டர் போட்டுட்டேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் எந்தப் பழைய டீசல் வண்டியும் அதன் நெற்றியில் எழுதியிருக்கிற வண்டி இல்லை. செத்த மூன்று வண்டிகளைச் சேர்த்து உயிரோடு ஒன்றைச் செய்வோம். அதனால் கிளட்ச் வாங்க வருகிறவர் யாரும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. பழைய பிளேட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்து இந்த மேஜை மேல் வைப்பார்கள். அதே அகலம், அதே பல். வேறு பேச்சே கிடையாது.

"நெவில் ஏன் பழசைக் கொண்டுவரல?" என்றார் டிரெகெல்லஸ்.

"கழட்டத் தெரிஞ்சாத்தானே? முந்தி மதுக்கடையில கிளாஸ் தொடைச்சுட்டிருந்தவன். கை அழுக்காகாது. குழிக்குள்ள இறங்கவும் பயம். பேலா கீழ தோண்டுவாரு, இவன் மேல நின்னு பிக்கப் இஞ்சின்ல ஓடற கம்பிச் சுருள் வின்ச்சை இயக்கி மண்ணைத் தூக்குவான். அதான் இவங்க கூட்டு" என்றேன்.

இதைச் சொல்லும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. குழிக்குள் இருக்கிறவன் உயிர் மேலே நிற்கிறவன் கையில். அப்பா யாரையும் நம்பமாட்டார். இறங்கும்போதெல்லாம் மேலே நிற்கும் வண்டியிலிருந்து ஒரு ஃப்யூஸையோ சாவியையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். "கீழ போறவன் ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போகணும்" என்பார். பழைய ஆட்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு.

"அப்போ நெவில் குத்துமதிப்பா எழுதியிருக்கான்" என்றேன். "பேலா இருந்தா கேட்டு எழுதியிருப்பான். கேக்க ஆள் இல்ல, பாஸ். நாம கொஞ்சம் லேட்டு."

ஃபோட்டினி வாயைப் பொத்திக்கொண்டாள். ஈலோனாவுக்கு என்ன சொல்வது என்று நான் அதற்குள் வார்த்தை தேட ஆரம்பித்திருந்தேன்.

டிரெகெல்லஸ் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். பதற வேண்டிய நேரத்தில்தான் இந்த மனுஷனுக்கு டீ தேவைப்படும்.

"இந்த பிக்கப்புக்குப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு, ஃபோட்டினி?"

அவள் தடித்த புத்தகத்தைப் புரட்டினாள். "ஒன்பதரை அங்குலம். இருபத்து நாலு பல்."

"தெரியாதவன் புத்தகத்துல இருக்கறதைச் சொல்வான். தெரிஞ்சவன் உண்மையைச் சொல்வான், பதினோரு அங்குலம், இருபத்தொண்ணு. இது ரெண்டுலயும் சேராம பதிமூணு, பதினாலுன்னு இவ்வளவு கறாரா எவன் சொல்வான்? குத்துமதிப்பாச் சொல்றவன் பல்லையெல்லாம் எண்ணிச் சொல்ல மாட்டானே, டானிகா."

"பதிமூணு அங்குலம் லாரி கிளட்ச்சு. பேலாகிட்ட லாரி ஏது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கடிகாரம். தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் ஒன்றில் முள் பொருத்திச் செய்தது. நான் பள்ளிக்கூடம் முடித்து ஊரைவிட்டுப் போன காலத்தில் அது அங்கே இல்லை.

"ஸ்டூல்ல ஏறி அந்தக் கடிகாரத்தோட பல்லை எண்ணு."

"மணி கேட்டா சொல்வேன். பல் எண்ணற வைத்தியம் எனக்கு..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு ஏறினேன். முள் சுற்றுகிற நடுத் துளையைச் சுற்றி வரிசையாகப் பற்கள். தூசியைத் துடைத்துவிட்டு விரலால் எண்ணினேன். ஒரு தடவை எண்ணியது போதாமல் மறுபடியும் எண்ணினேன்.

"பதினாலு" என்றேன். ஸ்கேல் வைத்து அளந்தேன். பதிமூன்று அங்குலம் சரியாக இருந்தது.

"இது ஏது, ஃபோட்டினி?" டிரெகெல்லஸ் மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பேலா குடுத்தது. ஒன்பது வருஷமாச்சு. அவரோட பழைய குழியில மண் உறிஞ்சற லாரி ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு கிளட்ச் மாத்தினாரு. பழசைத் தூக்கிப் போடாம, என் பேருள்ள புனிதரோட திருநாளுக்குக் கடிகாரம் பண்ணிக் கொண்டாந்து அவரே ஆணி அடிச்சு மாட்டினாரு."

"அந்த லாரி இப்ப எங்க?"

"அங்கயேதான் துருப்பிடிச்சு நிக்குது. ஹங்கேரியன் குழின்னு சொல்வாங்க, மேற்க நாப்பது கிலோமீட்டர். கூரை விரிசல் விட்டு ஆறு வருஷமாச்சு. ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல."

"ஒருத்தர் போயிருக்காரு" என்றார் டிரெகெல்லஸ். "நல்ல கல் அங்கதான் கண்ணுல பட்டிருக்கு. பேலா கீழ, நெவில் மேல. கீழ இருக்கறவரை மேல ஏத்தாம விட்டுட்டாப் போதும், துப்பாக்கியே வேண்டாம். தோண்டித் தோண்டி அனுப்பு, தண்ணி இறக்கறேன்னு சொல்லியிருப்பான். ஆனா வின்ச் இழுக்கல. கிளட்ச் போச்சுன்னு நெவில் நெனச்சான். எந்த கிளட்ச் வாங்கறதுன்னு தெரியல. குழி வாயில நின்னு கேட்டிருக்கான். பேலா கீழ இருந்து பதில் சொல்லியிருக்காரு."

ஃபோட்டினி சீட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் கிளட்ச் கேக்கல, ஃபோட்டினி. விலாசம் சொல்லியிருக்காரு. உங்களுக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கிற எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எட்டு நாளா இந்தச் சீட்டு என் கல்லாவுல கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு காலடியைக் காட்டினாள். அங்கே ஒரு அட்டைப்பெட்டி. அடிலெய்டிலிருந்து காலை சரக்கு வண்டியில் வந்த கிளட்ச். பன்னிரண்டு மணிக்கு நெவில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். மணி பதினொன்று ஐம்பது.

"அலமாரியில பேலா வண்டிக்குச் சரியான கிளட்ச்சும் இருக்கு" என்றாள். "எதைக் குடுக்கட்டும்?"

வாழ்க்கையில் நூறு பேருக்குக் கிளட்ச் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். நகரத்துக்குள் ஓட்டுவதற்கு ஒன்று, பாரம் இழுப்பதற்கு ஒன்று, மணலில் புதைகிறவனுக்கு ஒன்று. எதைக் கொடுத்தாலும் ஒரு கிழவர் சாவார் என்கிற கணக்கு அன்றைக்குத்தான் வந்தது.

"சரியானதைக் குடுத்தா வின்ச் இழுக்கும்" என்றேன். "ரெண்டு மூணு நாள்ல கல்லெல்லாம் மேல வந்துடும். அப்புறம் பேலா எதுக்கு? தப்பானதைக் குடுத்தா, பேலா ஏமாத்திட்டாருன்னு தெரிஞ்ச நிமிஷம் கதை முடிஞ்சுது. மூணாவது ரகம் ஏதாவது ஸ்டாக் இருக்கா, ஃபோட்டினி?"

"இருக்கு" என்றார் டிரெகெல்லஸ். "ரொம்ப மெதுவா மாட்டற ரகம். நீதான் மாட்டப் போறே."

புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். போலீஸ்காரர் காலையிலேயே நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்த இடத்துக்குப் போயிருந்தார், திரும்ப மாலை ஆகும். ஃபோட்டினியின் இழுவை லாரியிலும் வின்ச் இருக்கிறது. அவள் ஓட்டுவாள், டிரெகெல்லஸ் கூடப் போவார். குழியைக் கண்டுபிடித்து ஆளைத் தூக்கும்வரை நெவில் வீட்டைவிட்டு அசையக்கூடாது. நான் அவனைக் கட்டிப் போட வேண்டும், ஸ்பேனரால்.

"எல்லா வண்டியிலயும் இருக்கற ஊர் வயர்லெஸ் ரேடியோவுல சொல்றேன்" என்றார். "உயிரோட இருந்தா, மணி ஓடுதுன்னு."

"இல்லன்னா?"

"மணி நின்னுடுச்சுன்னு."

நெவில் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தான். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான குரல். மற்றவர்கள் வேர்த்துக் கொட்டுகிற ஊரில் வேர்க்காத மனிதன்.

"விளாதோ பொண்ணுதானே நீ? அப்பா சாவுக்கு வந்து கொஞ்ச நாள் இருந்தே. இப்ப எங்க இந்தப் பக்கம்?"

"இவரை ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தேன். கல் வாங்கணுமாம். பாட்டில் கண்ணாடிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது, பாவம்."

டிரெகெல்லஸ் பாவமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே தனியாகச் சம்பளம் தரலாம்.

ஃபோட்டினி பெட்டியை மேஜை மேல் தூக்கி வைத்தாள். அடிலெய்டிலிருந்து வந்த பெட்டியேதான். "நீ எழுதின அதேதான், நெவில்."

"யாரு மாட்டித் தரப் போறா?" என்று நான் பெட்டியைத் தட்டினேன். "மெக்கானிக்கிட்ட விட்டா ஒரு வாரம் இழுப்பான், ஊர்க்கதை வேற கேப்பான். ஒரு பெட்டி பீர் குடுங்க, இன்னைக்கே மாட்டித் தரேன். எனக்கும் இவரோட மூஞ்சியைப் பாக்காம கொஞ்ச நேரம் கழியும்."

அவன் என் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். ஊர்க்கதை என்ற வார்த்தைதான் அவனை யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள ஓடணும்" என்றான்.

நெவிலின் வீடு குன்றுக்குள் குடைந்தது. பக்கத்திலேயே வண்டிக்கும் ஒரு குகை, இரும்புக் கதவோடு. உள்ளே பேலாவின் பிக்கப் நின்றது. வாசலில் ஜீப். மேற்கே வானத்தின் அடியில் செம்மண் சுவர் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. புழுதிக் காற்று வருகிறது, மூன்று மணி நேரத்தில் ஊருக்குள் நுழையும். டிரெகெல்லஸும் ஃபோட்டினியும் நேராக அதற்குள்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உள்ள லைட் சுவிட்ச் போடறேன்" என்று நெவில் முன்னால் போனான். நான் ஜீப் ஓரமாகக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஜீப்பைப் பிடித்து எழுந்து, பிறகு உள்ளே போனேன்.

பிக்கப்பின் ரேடியோவைப் போட்டுவிட்டேன். "பேச்சுச் சத்தம் இல்லன்னா எனக்குக் கை ஓடாது" என்றேன். வண்டியைத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டு ஒன்றுதான் இருந்தது. மறுபக்கம் ஜாக்கியை வைத்தேன். நெவில் ஜாக்கியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். கீழே படுத்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய சுத்தமான பூட்ஸ் இரண்டும்தான்.

முதல் வேலையாக கிளட்ச் கேபிளைக் கழற்றப் போனேன். அங்கேதான் கை நின்றது.

கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு நட்டு உண்டு. வண்டியின் அடிப்பாகம் முழுக்கச் செம்புழுதி அப்பியிருக்க, அந்த நட்டு மட்டும் சுத்தமாகப் பளபளத்தது. ஸ்பேனர் பட்ட தடம் புதிதாக இருந்தது. மரையைப் பார்த்தேன். வழக்கமான இடத்திலிருந்து நாலு சுற்று உள்ளே போயிருந்தது. கேபிளை அவ்வளவு இறுக்கினால் பெடலை மிதிக்காமலேயே பாதி மிதித்த மாதிரி ஆகிவிடும். இஞ்சின் கத்தும், வின்ச் இழுக்காது, வண்டி நகராது. புகைகூட வரும். பார்க்கிறவன் கிளட்ச் செத்தது என்று சத்தியம் பண்ணுவான்.

கிளட்ச் சாகவே இல்லை.

கீழ போகிறவன் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போவான். அப்பா ஃப்யூஸை எடுத்துக்கொண்டு போனார். பேலா நாலு சுற்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கல் கண்ணில் பட்ட பிறகு கூட்டாளியை நம்பாமல், அன்றைக்கு இறங்குமுன் குனிந்து நட்டைத் திருகியிருக்கிறார். நெவில் பத்து நாளாக நல்ல கிளட்ச்சுக்கு மாற்று கிளட்ச் தேடிக்கொண்டிருக்கிறான். என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு?" பூட்ஸ் நகர்ந்தது.

"நட்டு எல்லாம் துரு. ஆறு மணி ஆனாலும் ஆகும்னு நெனச்சேன், சிரிப்பு வந்துச்சு."

இல்லாத துருவுக்கு எண்ணெய் விட்டேன். கழன்ற போல்ட்டை மறுபடி முடுக்கி மறுபடி கழற்றினேன். நானே வாடிக்கையாளராக இருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பேன். ரேடியோவில் யாரோ கோழி விலை பேசினார்கள், யாரோ புழுதி வருது என்று எச்சரித்தார்கள். இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. மணி ஓடுகிறது என்றோ நின்றுவிட்டது என்றோ யாரும் சொல்லவில்லை.

"இன்னுமா கழட்டலை?" நெவிலின் குரல் அப்படியேதான் இருந்தது, மெதுவாக. "ஒங்கப்பா இதைவிட வேகம்னு ஞாபகம்."

அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. மூன்றரைக்கு கியர்பாக்ஸை இறக்கினேன். பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் பழைய பிளேட் என் மார்பின் மேல் விழுந்தது. தடிமன் குறையாத பிளேட். இன்னும் ஐந்து வருஷம் ஓடும். அதை என் முதுகுக்குக் கீழே தள்ளப் போன நேரத்தில் டார்ச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

நெவில் மண்டியிட்டுக் குனிந்திருந்தான். முதல்முறையாக அவன் சட்டையில் அழுக்கு.

"குடு, பாக்கலாம்."

கொடுத்தேன். அவன் அதை ஒரு கையிலும் புதிய பிளேட்டை மறு கையிலும் பிடித்தான். மெக்கானிக் இல்லைதான். ஆனால் எது பெரிது, எது சிறிது என்று தெரிவதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

"இது தேயவே இல்லையே."

"பழைய காலத்துச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்."

"புதுசு இவ்வளவு பெருசு." அவன் யோசித்தான். அவன் யோசிப்பது எனக்குச் சத்தமாகக் கேட்டது. "கெழவன் எனக்குத் தப்பாச் சொல்லியிருக்கான்."

"எந்தக் கெழவன்? பேலாதான் பஸ் ஏறிட்டாரே."

அந்த வாயை நான் மூடியிருக்கலாம். என் வாய் எப்போதும் என்னைவிட அரை விநாடி முந்தும். நெவில் இரண்டு பிளேட்டையும் தரையில் வைத்தான். கையை கர்ச்சீப்பில் துடைத்தான். பிறகு அந்தக் கை ஜாக்கியின் திருகின் மேல் போய் உட்கார்ந்தது. ஒரு சுற்று திருப்பினால் போதும், ஒன்றரை டன் வண்டி என் மேல் இறங்கும்.

"நீ பாடத்தை நல்லாப் படிச்சுட்டு வந்திருக்கே, பொண்ணு" என்றான். "அந்த டூரிஸ்ட் எங்க போனான்?"

பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெளியே புழுதி வந்துவிட்டது. இரும்புக் கதவு அடித்துக்கொண்டது, விளக்கு வெளிச்சம் சிவப்பாயிற்று. ஜாக்கி கிறீச்சிட்டது. தலைக்கு மேலே வண்டி ஒரு விரற்கடை இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

ரேடியோ கரகரத்தது.

"டானிகா." டிரெகெல்லஸ்தான். மூச்சு வாங்கியது. "மணி ஓடுது. கேக்குதா? மணி ஓடுது."

அதற்குப் பின்னால், தூரத்தில், யாரோ இருமுகிற சத்தம். வறண்ட தொண்டை. பிறகு ஹங்கேரியன் வாசனையோடு ஒரு குரல், "இன்னும் கொஞ்சம் தண்ணி குடு, ஃபோட்டினி."

நெவிலுக்கு அந்தக் குரலை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஜாக்கியிலிருந்து கை எடுபட்டது. பூட்ஸ் இரண்டும் வாசலை நோக்கி ஓடின. நான் உருண்டு வெளியே வந்து, இரும்புக் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.

வெளியே ஜீப்பின் கதவு திறந்தது, மூடியது. இஞ்சின் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரும்புக் கதவில் தட்டினான். முதலில் மரியாதையாகத்தான் தட்டினான்.

"சாவியைக் குடு, டானிகா."

இந்த ஊரில் யாரும் வண்டியிலிருந்து சாவியை எடுப்பதில்லை. எடுக்காமல் விட்டதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. சாவி மத்தியானத்திலிருந்தே என் பாக்கெட்டில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.

"வண்டிக்குக் கீழ போறவ ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போகணும், நெவில். எங்கப்பா சொல்லிக் குடுத்தது."

அவன் இரண்டு கையாலும் குத்தினான், உதைத்தான். புழுதியில் ஒரு அடி தூரம்கூடத் தெரியாத நேரத்தில், பத்தடிக்கு ஒரு திறந்த குழி இருக்கிற ஊரில், அவனால் எங்கும் நடக்க முடியாது. கடைசியில் ஜீப் கதவு மறுபடி மூடிய சத்தம் கேட்டது. குழிக்குப் பயந்தவன், போலீஸ்காரர் வரும்வரை ஜீப்புக்குள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் ரேடியோ மைக்கை எடுத்தேன். அலைவரிசை காலியாக இல்லை. அந்தப் பக்கம் டிரெகெல்லஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மறந்துவிட்டிருந்தார். இயந்திரம் என்றால் அவருக்கு இவ்வளவுதான். அவர்கள் லாரிக்குள் பேசிக்கொள்வது அப்படியே கேட்டது. ஊரில் ரேடியோ வைத்திருக்கிற எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"ஒன்பது வருஷமா தெனம் அந்தக் கடிகாரத்தைப் பாக்கறே" என்றார் பேலா, இருமலுக்கு நடுவே. "பதினாலு பல்லை எண்ண எட்டு நாளா?"

ஃபோட்டினி இப்போது அழுதுகொண்டிருந்தாள்.

"நான் மணியைத்தான் பாத்தேன், பேலா" என்றாள்.